இடது முன்சக்கரம்

இடது முன்சக்கரத்து நட் இந்நேரம் எவ்வளவு திரும்பியிருக்கும், கால் சுற்றா அரைச் சுற்றா, சங்ககிரி தாண்டியாயிற்று, மணி பத்தே கால், ஸ்பீடாமீட்டர் மைலில் ஐம்பது காட்டுகிறது, மைலில் ஐம்பது என்றால் எண்பது கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் இந்த வண்டிக்கு மூச்சு வாங்கும், அதற்குக் கீழே போனால் பின்னால் வருகிறவன் நம் மேல் ஏறிப் போய்விடுவான். அறுபத்து நாலாம் வருஷத்து எம்.ஜி. மிட்ஜெட். இரண்டு பேர்தான் உட்காரலாம், அதுவும் உட்காருவதில்லை, காலை நீட்டிப் படுத்த மாதிரி இருப்பது, கதவுக்கு மேலே கையை விட்டால் ரோட்டைத் தொடலாம். லாரிச் சக்கரங்கள் என் கண்ணுக்கு நேராகச் சுற்றுகின்றன. ஒவ்வொரு லாரிச் சக்கரத்துக்கும் வட்டமாகப் பத்து நட்டுகள். எனக்கு ஒரு சக்கரத்துக்கு ஒரே நட்டுதான், நட்ட நடுவில், இரண்டு காது வைத்தது, அந்தக் காதில் செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். செய்தவன் முட்டாள் இல்லை. வண்டி ஓட ஓடச் சக்கரமே நட்டை இறுக்கிக்கொள்ளும்படி இடப்பக்கத்துக்கு ஒரு திசையிலும் வலப்பக்கத்துக்கு எதிர்த்திசையிலும் மரை வெட்டியிருக்கிறான். மேல் காதைப் பின்பக்கமாகத் தட்டினால் இறுகும், இரண்டு பக்கமும் அப்படித்தான். நட் உட்காரும் ஹப்பைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ், ஓட ஓடக் கழலும். இன்று காலை கிளம்பும் முன் இடது முன்சக்கரத்து நட்டின் மேல் காதைப் பின்பக்கமாக லேசாகத் தட்டிப் பார்த்தேன். தளர்ந்தது. சுற்றிப் போய் வலது முன்சக்கரத்தைத் தட்டினேன். அதுவும் தளர்ந்தது. இரண்டையும் திருப்பி இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது என் மச்சான் தெய்வசிகாமணி வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் படியிறங்கி வந்து, "என்ன மாப்ளே, கும்புட்டு முடிச்சாச்சா, கெளம்பலாமா?" என்றார். ஆச்சுங்க என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லவில்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் ஒன்று கழன்று போனால் இந்த வண்டியில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொல்லவில்லை. பெங்களூர்க்காரன் செய்த தப்பு, அவர் தேடிப் பிடித்த பெரிய ஒர்க்‌ஷாப், ஒன்றரை வருஷம் வைத்திருந்து, பச்சையாக இருந்த வண்டிக்கு ரத்தச் சிவப்பு அடித்து அனுப்பினானே, அவன்தான் ஹப்பை மாற்றி மாட்டியிருக்கிறான், அவனுக்கு இவர் கொடுத்த மரியாதை என்ன, எனக்குக் கொடுத்த மரியாதை என்ன. மற்ற மாப்பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் வாங்க, உட்காருங்க. எனக்கு வா. நாற்பத்தைந்து வருஷமாக வா. இவர் அப்பாவின் பஞ்சு மில்லில் ஸ்பேனர் பிடித்தவன்தானே நான், ஆறாவது வரைக்கும் படித்துவிட்டு, வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து வேலை கற்றுக்கொண்டவன். வால்பாறை எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டியை என் மாமனார் வாங்கினார், யாராலும் ஓட்ட முடியவில்லை, நான் ஓட வைத்தேன், அவர் மகள் கமலவேணி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள், அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை. "எங்கப்பன் பண்ணுன காரியம், தகர டப்பாவுக்கு ஒரு மெக்கானிக்குன்னு பொண்ணைக் குடுத்துப் போட்டாரு," என்று இவர் என் கல்யாணப் பந்தியிலேயே சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடச் சிரித்தான். கமலவேணி போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை ஒரு டிரெய்லரோடு வந்தார். ஆர்.சி. புக் அப்பா பேரில்தானே இருக்கிறது என்றார். அவள் போட்டோவுக்குப் போட்ட மாலை வாடக்கூட இல்லை. ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வண்டி பின்பக்கமாக மேலே ஏறியது, முகம் என்னைப் பார்த்தபடியே போயிற்று.

இப்போது சென்னைக்கு. மகாபலிபுரத்துப் பக்கம் இவர் பேரன் ஓட்டல் கட்டியிருக்கிறான், முன் ஹாலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இதை நிறுத்தப் போகிறார்கள், ஆயிலை வடித்து, டயர் தரையில் படாமல் கட்டை கொடுத்து. நாளைக்குத் திறப்பு விழா. தாத்தாவின் காரில் தாத்தாவே ரோடு வழியாக வந்து இறங்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும், அதுதான் திட்டம், ஆனால் தாத்தாவுக்கு இதன் கியரைப் போடத் தெரியாது, பேரனுக்கும் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது. "வந்துட்டுப் போ மாப்ளே, உனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்." வந்தேன். கடைசித் தடவை ஓட்டலாம் என்றுதான் வந்தேன், காலையில் நட்டைத் தட்டுகிற வரைக்கும் அதுதான் எண்ணம். தட்டின பிறகு வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியவில்லை. சும்மா ஓட்டு, வாயை மூடிக்கொண்டு ஓட்டு, அவ்வளவுதான், கழன்றால் கழலட்டும், அவருக்கு எழுபத்தேழு எனக்கு எழுபத்து நாலு, வண்டிக்கும் கூண்டு வேண்டாம். பெருந்துறையில் டீக்கு நிறுத்தினோம். அவர் ஒதுங்கப் போனபோது சீட்டுக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கமலவேணியின் செப்புச் சுத்தியலை எடுத்தேன். சுத்தியலைக் கொண்டுவரக் கூடாது என்று உத்தரவு, புது குரோமில் தழும்பு விழுமாம். வலப்பக்கம் குனிந்து, என் பக்கத்துச் சக்கரத்தை, இடது கையாலேயே ஏழெட்டு அடி. எனக்கு வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. இறுகிற்று. இடப்பக்கம் போகவில்லை. ஒரே வண்டி, அந்தப் பக்கம் கழன்றால் இந்தப் பக்கம் மட்டும் நின்று என்ன செய்யும், சின்னப் பையனுக்குக்கூட விளங்கும், ஆனாலும் என் பக்கத்தை மட்டும் அடித்துவிட்டுச் சுத்தியலை உள்ளே வைத்தேன். டீ குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

வெயில் ஏறிவிட்டது. எஞ்சின் சூடு தடுப்புத் தகரம் வழியாகக் காலுக்கு வருகிறது, ஆக்ஸிலேட்டரில் வைத்த பாதம் வாணலியில் வைத்த மாதிரி, பெட்ரோல் வாசனை தொண்டையில், பின்னால் பஸ்காரன் ஏர்ஹாரனை அழுத்திக்கொண்டே வருகிறான், அது காதில் கேட்பதில்லை, முதுகெலும்பில் கேட்கிறது. ஒரு பெரிய வெள்ளை வண்டி பக்கத்தில் ஒட்டி வந்தது, ஜன்னலை இறக்கி நாலு பையன்கள் போனை நீட்டினார்கள், "தாத்தா, ரேஸு விடலாமா தாத்தா," என்று ஒருத்தன், "பெடல் பண்ணு தாத்தா," என்று இன்னொருத்தன், என்னை ரோட்டோரக் கம்பிப் பக்கமாக நெருக்கி, படம் பிடித்து முடித்ததும் மூக்குக்கு முன்னால் வெட்டிப் போனார்கள், பிரேக்கை மிதித்தேன், அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. டிக். இடது பக்கம், கீழே. ஒரே ஒரு டிக். பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். டிக். சக்கரம் ஹப்பின் மேல் அசைய ஆரம்பித்துவிட்டது. "என்ன சத்தம் அது?" என்றார். வெயில்ல கம்பி விரியுதுங்க என்றேன். அந்தச் சக்கரத்தில் அறுபது கம்பிகள், விரியட்டும். "பெங்களூர்க்காரன் சொன்னான், இனி அம்பது வருசத்துக்கு ஒரு ஸ்பேனரும் தேவையில்லையாம்," என்றார், தேவையில்லையாம் என்பதை என்னைப் பார்த்துச் சொன்னார். நல்லதுங்க என்றேன்.

சேலத்து டோல்கேட்டில் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக் அட்டையை மேலே இருந்த காமிராவால் படிக்க முடியவில்லை, வண்டி அத்தனை தாழ்வு. கூண்டுக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள், யாரையும் காணோம், எழுந்து நின்று குனிந்து பார்த்து, "ஐயோ, உள்ள ரெண்டு பேர் இருக்காங்களா," என்றாள். பின்னால் இருபது ஹாரன். "பொம்மைக் காருங்களா தாத்தா, பேரனுதா?" என்றாள் தெய்வசிகாமணியிடம். இவர் முகம் வண்டி நிறத்துக்குப் போயிற்று. "ஏம்மா, இந்த வண்டியோட வயசென்ன தெரியுமா? எங்க அப்பாருது. நாளைக்கு வீடியோவுல பாப்பே." அவள் அட்டையைக் கையால் படிக்கும் கருவியை நீட்டினாள், கண்ணாடிக்கு எட்டவில்லை, கூண்டைவிட்டு இறங்கியே வந்தாள். சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, போகும்போது பானெட்டை ஒரு தட்டுத் தட்டினாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் தட்டினதும், இதோ இந்த இடத்தில் சொல்லிவிடலாம், ஓரமாக நிறுத்தி நட்டைப் பாருங்க என்று சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. தடுப்புக் கம்பம் மேலே எழுந்தது. பின்னால் ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான். கியரைப் போட்டேன். டிக், டிக்.

சேலம் பைபாஸ் முடிந்து அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போது இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தலையில் முடியே இல்லை, காதோரம் மட்டும் வெள்ளை, கமலவேணிக்குக் கடைசியில் இருந்த மாதிரி. "ஒண்ணு கேக்கோணும்னு நெனைச்சுட்டே இருந்தேன் மாப்ளே," என்றார். "கேளுங்க." "கமலம் ஏன் நிறுத்தற எடத்துலயெல்லாம் எறங்கி எறங்கிச் சக்கரத்தைப் போட்டு அடிச்சுட்டே இருப்பா? ஊட்டிக்குப் போனோமே ஒருக்கா, மேட்டுப்பாளையத்துல, பர்லியார்ல, குன்னூர்ல, சேலையைத் தூக்கிச் சொருவிக்கிட்டு, எல்லாரும் பாக்கறாங்க, எனக்கு மானமே போச்சு." அது அவளுக்கு ஒரு பழக்கங்க என்றேன், சாமி கும்பிடற மாதிரி. அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தாள். எஞ்சின் உங்களுது மாமா, சக்கரம் என்னுது, ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாப்போம். "சாமியா," என்றார் இவர், "நானும் அவகிட்டக் கேட்டேன். அவரு மாட்டுன ஹப்பாச்சே, அவரைவிட உனக்கென்ன அக்கறைன்னு. மொறைச்சுப் பாத்தா. அண்ணா, அவருக்கே தெரியாது, நீங்களும் கேக்காதீங்கன்னு சொல்லிப்போட்டு அடுத்த சக்கரத்துக்குப் போயிட்டா. என்னது உனக்குத் தெரியாது?" லாரி ஒன்று முன்னால் ஆடிக்கொண்டு போயிற்று. தெரியலீங்க என்றேன்.

தெரியாது. அவருக்கே தெரியாது. மூன்று மூன்று அடியாக அடிப்பாள். வலது சக்கரத்துக்கு மூன்று, இடதுக்கு மூன்று. பின்சக்கரங்களை எப்போதாவதுதான். முன்சக்கரம் இரண்டும் நிறுத்துகிற இடமெல்லாம். ஏன் முன்சக்கரம் மட்டும். வேண்டாம், ரோட்டைப் பார். எண்பத்தாறில்தானே ஆரம்பித்தாள், அதற்கு முன்னால் நான்தான் அடிப்பேன், வருஷத்துக்கு இரண்டு தடவை, அவ்வளவு போதும். எண்பத்தாறில் பேரிங் மாற்ற முன் ஹப் இரண்டையும் கழற்றினேன். கடைசி நாள் ஜாக்கி நழுவித் தோள் போயிற்று, அதிலிருந்துதான் சக்கர வேலை அவளுடையது, கழற்றுவது, துடைப்பது, பங்க்சர் போட உருட்டிக்கொண்டு போவது எல்லாம் அவள்தான், நான் அந்தப் பக்கமே போனதில்லை. எப்படி அடிப்பாள். பெங்களூர்க்காரன்தான் மாற்றினான். எப்படி அடிப்பாள், எங்கே நிற்பாள். குத்துக்காலிட்டு உட்காருவாள். முகம் எங்கே இருக்கும். முகம் ஹெட்லைட்டைப் பார்த்து இருக்கும், முதுகு கதவுப் பக்கம், சுத்தியல் பின்னாலிருந்து முன்னால் போகும், வளையல் முழங்கைக்கு ஓடும். முன்னால். முன்னால் போகும். இல்லை, எனக்கு வயசாகிவிட்டது, மாறிப் போய் ஞாபகம் வருகிறது. இடது மட்கார்டில், சக்கர வளைவின் முன் விளிம்பில், ஒரு நெளிவு இருந்தது. பவானியில் வைத்துச் சுத்தியல் நழுவி விழுந்த நெளிவு, அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசாமல் வந்தாள். அந்த நெளிவை எடுக்கவே பெங்களூர்க்காரனுக்கு ஒரு வாரம் ஆயிற்று என்று இவரே சொன்னார். பின்னால் அடிக்கிற சுத்தியல் முன் விளிம்பில் எப்படி விழும். முன்னால் அடித்தால்தான் விழும். முன்னால் அடித்தால் இறுகும் என்றால் அப்போதே ஹப் மாறித்தான் இருந்திருக்கிறது. அப்போதே என்றால் யார். கழற்றின அன்று வண்டியின் முகத்துக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், மஞ்சள் பெயிண்டில் ஒன்றில் வலது என்றும் ஒன்றில் இடது என்றும் எழுதினேன், என் கைப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். பேரிங் வர ஒன்றரை மாசம் ஆயிற்று. மாட்டும்போது டிரைவர் சீட்டிலிருந்து பக்கம் பார்த்தேன். எதிரே உட்கார்ந்தால் என் வலது வண்டிக்கு இடது. ஆறாவது படித்தவனுக்கும் தெரியும். பெங்களூர்க்காரன் இருந்த பக்கத்திலேயே திருப்பி மாட்டியிருக்கிறான், அவ்வளவுதான். டிக், டிக், டிக்.

அன்றைக்கு மில் ஷெட்டில் இவரும் நின்றிருந்தார், மாமனாரும் நின்றிருந்தார். "பம்பாய்க்கு அனுப்பலாங்கப்பா, இவன் மாட்டுனா யாராவது ஒருத்தன் தலை போகும்," என்றார் இவர். நான் கையில் கிரீஸோடு எழுந்து, என் கை மாட்டுனது கழண்டுச்சுன்னா நான் இந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன், இது எங்கம்மா மேல சத்தியம் என்றேன். கமலவேணி தூக்குப்போசியில் மோர் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டாள். அப்புறம் என்றைக்கோ ஒரு நாள் ஒரு நட் அவள் கையோடு வந்திருக்கிறது, தட்டிப் பார்த்திருக்கிறாள், விளங்கியிருக்கிறது, என்னிடம் சொன்னால் நான் படியிறங்குவேன் என்றும் விளங்கியிருக்கிறது, இறங்கியிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். அதற்காக இத்தனை வருஷம் சுத்தியலா. மழையில், கர்ப்பத்தோடு, கால் வீங்கின பிறகும். ஏன்டி, ராத்திரி இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது காதோடு சொல்லியிருக்கக் கூடாதா, நான் என்ன கடித்தா தின்றிருப்பேன், ஒரு மணி நேர வேலை, மாற்றி மாட்டியிருப்பேனே. என்னை நம்பவில்லை நீ. உங்கண்ணன் சொன்ன அதே ஆள்தான் உனக்கும் நான். கோபம் வந்தது, இறந்தவள் மேல் வருகிற கோபம், அது எங்கே போய் விழும், ஆக்ஸிலேட்டரில் விழுந்தது, முள் ஐம்பத்தைந்தைத் தொட்டது, ஸ்டீயரிங் நடுங்கியது, முன்பக்கம் ரோட்டில் நழுவிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது. "ஏய், மாப்ளே, மெதுவாப் போ," என்றார், கதவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அந்த வெள்ளைக் காதோரம், கமலவேணியின் காதோரம். இப்போது நிறுத்தினால் இவரிடம் சொல்ல வேண்டும். நாற்பது வருஷம் காத்திருந்த வார்த்தையை என் கையாலேயே தூக்கி இவர் கையில் கொடுக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. யாருக்கும் தெரியாது. பெங்களூர்க்காரன் என்று எழுதிக்கொள்வார்கள். டிக்டிக்டிக். அவள் இத்தனை வருஷம் இறுக்கி இறுக்கி வைத்ததை நான் ஒரு காலையில் அவிழ்த்துவிடுவதா. காலை எடுத்தேன். பிரேக்கை மிதிக்கவில்லை, மிதித்தால் போய்விடும், சும்மா காலை மட்டும் எடுத்தேன், இடது சிக்னல், பின்னால் ஹாரன்மேல் ஹாரன், ஐம்பது, நாற்பது, முப்பது, ஓரத்துச் சரளை, நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். நட்டை இரண்டு விரலால் சுற்ற முடிந்தது. இன்னும் மூன்று மரைதான் பாக்கி. இவர் கதவைத் திறந்து மெதுவாக வெளியே வந்து, நான் விரலால் சுற்றுவதைப் பார்த்தார். வாழப்பாடிக்கு மூன்று கிலோமீட்டர் என்று பலகை. ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைத் தூக்கினேன், சுத்தியலை எடுத்தேன், இடது கையால் இரண்டு தடவை அடித்தேன், இரண்டும் வழுக்கின. "மச்சான், நீங்க புடிங்க. மேல் காதை முன்னால தள்ளி அடிங்க." "சுத்தியல் ஏது உன்கிட்ட? குரோம் போயிரும்டா." "போகட்டுங்க." வாங்கினார். அடித்தார். "பெங்களூர்க்காரன் பண்ணுன வேலையா இது?" அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்றால் முடிந்தது. "இல்லீங்க. நான் மாட்டுனது. எண்பத்தாறுல. பக்கம் மாத்தி மாட்டிப்போட்டேன். இப்பத்தான் தெரியுது." சுத்தியலைக் கீழே இறக்கினார். "கமலத்துக்கு?" "அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குது." ஒரு டேங்கர் போயிற்று, அதன் காற்றில் இரண்டு பேரும் ஆடினோம். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "அப்ப என்ற தங்கச்சி நாப்பது வருசமா உன் பின்னால சுத்தியலோட வந்திருக்கா," என்றார். அதைவிடச் சிரித்திருக்கலாம். இரண்டாவது அடி சரியாக விழுந்தது. மூன்றாவது நழுவி மட்கார்டின் முன் விளிம்பில் விழுந்தது, சிவப்புப் பெயிண்ட் சில்லாகத் தெறித்தது, உள்ளே பழைய பச்சை ஒரு கோடு தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் விரலால் ஒரு தடவை தடவினார். இன்னும் ஒன்று அடித்தார். ஜாக்கியை இறக்கின பிறகு மறுபடி மூன்று. பிறகு, "உன்ற பக்கம்?" என்றார். அதற்கும் பொய் இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "பெருந்துறையிலயே அடிச்சுட்டேங்க." அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. முகத்திலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "உன்ற பக்கம் மட்டுமா?" "ஆமாங்க."

சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதாவது ஒரு பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தேன், நானாக இருந்தால் போயிருப்பேன். சுற்றி வலப்பக்கம் வந்தார், குனிய முடியாமல் முட்டியைச் சரளையில் ஊன்றி, என் பக்கத்துச் சக்கரத்தை மூன்று அடி அடித்தார், ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பார்த்தார். நட் அசையவில்லை, இறுகித்தான் இருந்தது. எழுந்து போய்த் தன் சீட்டில் உட்கார்ந்து சுத்தியலை மடியில் தொப்பிக்கு மேல் வைத்துக்கொண்டார். "இது இனி என்கிட்ட இருக்கட்டும்," என்றார். "இன்னும் எவ்வளவு தூரம்?" "முன்னூறு இருக்குதுங்க." "எத்தனை எடத்துல நிறுத்தோணும்?" "அரை மணிக்கு ஒருக்கா நிறுத்துனா நல்லதுங்க." "படுபாவி," என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓட்டு." கியரைப் போட்டேன். லாரிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி கிடைத்தது, நுழைந்தேன், முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து, அதற்கு மேல் போகவில்லை, பின்னால் இருக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும் ஹாரனை. சத்தம் இல்லை. இல்லாத சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினேன், அவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார், தலையை இடப்பக்கம் சாய்த்து. ஆத்தூர் பைபாஸ் ஆரம்பத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. வண்டி நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே இடது கதவு திறந்தது, அவர் வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினார், பெட்ரோல் போடுகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், முகம் ஹெட்லைட்டைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று.